இல்லாத தோப்பு எரிந்த வருஷம்

நான் வேலை பார்த்த துறையில் சென்ற மாதம் ஒரு புதிய கட்டுப்பாட்டு அறையைத் திறந்தார்கள். ஓய்வு பெற்றவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சுவர் முழுக்க ஒரு திரை. நாட்டில் எந்த மூலையில் காடு எரிந்தாலும் செயற்கைக்கோள் பார்த்துச் சொல்லிவிடுமாம். அது சிவப்புப் புள்ளி. தீயை அணைக்க எந்த ஊரில் என்ன வண்டி, எத்தனை ஆள் என்பது பச்சைப் புள்ளி. சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிற பிள்ளைகள் செய்து கொடுத்தது என்று பெருமையாகச் சொன்னார்கள். நான் ஒரு பச்சைப் புள்ளியைக் காட்டி, "இந்த வண்டியில் இப்போது டீசல் இருக்கிறதா?" என்று கேட்டேன். விளக்கிக்கொண்டிருந்த அதிகாரி சிரித்தார்.

"அந்த அளவுக்கெல்லாம் இதுல வராது மேடம். வண்டி நம்ம கணக்குல இருந்தா பச்சை."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திறப்பு விழா மலருக்கு அனுபவக் கட்டுரை எழுதித் தரவும் சொன்னார்கள். அந்தக் காலத்தில் எவ்வளவு கஷ்டம், இன்று எவ்வளவு வசதி என்று இரண்டு பக்கம் வேண்டுமாம். நான் எழுதப் போவது இரண்டு பக்கத்தில் அடங்காது. அவர்கள் மலரில் போடவும் மாட்டார்கள். பரவாயில்லை. துறையின் பெயரையும் நான் போடப் போவதில்லை. அப்போது இருந்தவர்களில் சிலருக்கு இன்னும் பென்ஷன் வருகிறது, நிம்மதியாக வாங்கட்டும்.

செங்கல்பட்டில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, தேர்வு எழுதி, எழுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்கு வந்தவள் நான். முதல் சில வருஷங்களில் நான் கற்றுக்கொண்டது கார்பன் தாளை எந்தப் பக்கமாக வைப்பது என்பதும், எந்த அதிகாரிக்கு எந்த அடைமொழி போட்டுக் கடிதம் தொடங்குவது என்பதும்தான். மற்றபடி சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

பிறகு மேலிடத்தில் யாருக்கோ ஒரு யோசனை வந்தது. நாடு முழுக்க எந்தக் காட்டில் தீ, அதை அணைக்க எங்கே என்ன இருக்கிறது என்பது டெல்லியில் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். ஒரு ஊரில் தீ பெரிதானால், சும்மா இருக்கிற ஊரிலிருந்து வண்டியையும் ஆளையும் அங்கே அனுப்பலாம். அதற்காக எங்கள் அலுவலகத்திலும் ஒரு தீத்தகவல் அறை உண்டானது. யோசனை நல்ல யோசனைதான். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அறையைக் கொண்டுபோய் வேதமூர்த்தி சாரிடம் கொடுத்தார்கள்.

வேதமூர்த்தி சார் கத்த மாட்டார். யாரையும் 'நீ' என்று சொல்ல மாட்டார். ஆஸ்பத்திரியில் கட்டிலோரம் நின்று பேசுகிறவர் மாதிரி மெதுவாகப் பேசுவார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. செங்கல்பட்டு வெயிலில் அது மாலை வரைக்கும் கசங்காமல் எப்படி இருக்கும் என்று நாங்கள் வியப்போம். பிறகு புரிந்தது, அவர் எழுந்திருப்பதே இல்லை. அவர் நாற்காலிக்கு எதிரே சுவரில் மாவட்ட வரைபடம். சென்னையிலிருந்து வந்த குண்டூசிகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கும். சாவி அவர் பையில். வரைபடத்தில் தூசி படிந்தால் பெயிண்ட் அடிக்கிற பிரஷ்ஷால் அவரே தட்டுவார். அதற்கு மட்டும் எழுந்திருப்பார்.

ஊசிகளில் நாலு நிறம். மஞ்சள் என்றால் யாரோ சொன்ன தீ. சிவப்பு என்றால் உறுதியான தீ. கறுப்பு என்றால் அணைந்த தீ. பச்சை, நம் வண்டியும் ஆட்களும்.

பொதுமக்களில் ஒருவர் போன் செய்து தீ என்றால் உடனே மஞ்சள் வைத்துவிட முடியாது. இடத்தின் சர்வே எண் சொல்ல வேண்டும். எரிகிற காட்டைப் பார்த்துவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தவன் சர்வே எண்ணுக்கு எங்கே போவான்? சொல்லிவிட்டால் மஞ்சள். பிறகு அந்தப் பகுதிக் காவலர் போய்ப் பார்த்து, கைப்பட எழுதி, தன் மேலதிகாரி வழியாகத் தபாலில் அனுப்ப வேண்டும். அது வந்தால்தான் சிவப்பு. தபால் வந்து சேருவதற்குள் தீ தானாக அணைந்திருக்கும். அணைந்த தீக்கு எப்படிச் சிவப்பு வைப்பது? நேராகக் கறுப்பு. ஆகவே எங்கள் வரைபடத்தில் சிவப்பு ஊசியை யாரும் பார்த்ததில்லை. எங்கள் எல்லைக்குள் எரிந்துகொண்டிருக்கிற தீ என்று ஒன்று கிடையாது. அணைந்த தீ மட்டும்தான் உண்டு.

பச்சை இன்னும் சுலபம். எங்களிடம் ஒரு தண்ணீர் டேங்கர் இருந்தது. டிரைவர் முனுசாமி ஒரு நாள் உள்ளே வந்து சொன்னார்:

"சார், டேங்க்கு அடியில ஓட்டையா கீது. தண்ணி ரொப்பிகினு கெளம்புனா திருப்போரூர் போறதுக்குள்ள ரோடே குடிச்சிடும்."

வேதமூர்த்தி சார் பேனாவை மூடிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "வண்டி இருக்கா முனுசாமி?"

"கீது சார்."

"நம்ம பொறுப்புலதானே இருக்கு?"

"ஆமா சார்."

"அவ்வளவுதான் கேள்வி."

பச்சை ஊசி அசையவில்லை. தீக்காவல் படை என்று ஒரு கூட்டம் ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் பெரிய அதிகாரிகள் வீட்டுத் தோட்டத்தில் வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களும் பச்சை. வாரா வாரம் டெல்லிக்குத் தந்தி போகும். நான்தான் டைப் அடிப்பேன். தீ இல்லை, வண்டி தயார், ஆட்கள் தயார். அதற்கு ஒரு முறை பாராட்டுக் கடிதம்கூட வந்தது. சார் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

இந்த நிலையில்தான் படாளத்திலிருந்து ஏழுமலை என்று ஒரு விவசாயி போன் செய்தார். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அரிசி மில் ஒன்றிலிருந்து பேசினார். குன்றுப் புதர்க்காட்டில் பிடித்த தீ அவருடைய மாட்டுக் கொட்டகைப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சாரிடம் சொன்னேன். சார் கையை நீட்டினார். ரிசீவரை வாங்கி, மிக அன்பாகச் சொன்னார்:

"வண்டி புறப்பட்டாயிற்று. நீங்கள் சாலையில் நின்று வழிகாட்டுங்கள்."

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மக்கள் பயப்படக் கூடாதும்மா. பயந்தா சேதம் ஜாஸ்தியாகும். இனிமே யார் கூப்பிட்டாலும் இந்த வாக்கியத்தைச் சொல்லுங்க."

அப்போது எந்த வண்டியும் எங்கேயும் புறப்படவில்லை. முனுசாமி வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஏழுமலை நேரில் வந்தார். அந்த மனிதர் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு நாள் நினைவில் நின்றிருக்காது. துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஏதோ தன் பக்கம் தப்பு நடந்துவிட்டது போலக் கேட்டார்.

"ரோட்டுலயேதான் சார் நின்னுகினு இருந்தேன். ஒருவேள நான் பாக்காம வண்டி தாண்டிப் போயிடுச்சா? மாட்ட அவுத்து வுட ஓடியிருப்பேன். வண்டி வருதுன்னீங்களே, வழி தெரியாம போயிடப்போவுதுன்னு அங்கியே நின்னுட்டேன். நாலும் கட்டுன கயித்தோட..."

வேதமூர்த்தி சார் வரைபடத்தைப் பார்த்தார். பிறகு, அந்தக் குன்று எங்கள் துறைக்குச் சொந்தமில்லை என்றும் ஆகவே அது காட்டுத் தீ ஆகாது என்றும் மிக மரியாதையாக விளக்கினார். ஏழுமலைக்கு மோர் வாங்கித் தரச் சொன்னார். அவர் குடிக்கவில்லை.

கோடை முற்றியபோது மேற்கு மலைகளில் எங்கோ பெரிய தீ. டெல்லியில் தேடியிருக்கிறார்கள், எந்த மாவட்டம் சும்மா இருக்கிறது என்று. எங்கள் தந்திதான் இருக்கிறதே! டேங்கரையும் தீக்காவல் படையையும் உடனே அனுப்பும்படி உத்தரவு வந்தது. சாருக்கு முகமெல்லாம் வெளிச்சம். "செங்கல்பட்டு இன்னிக்கு நாட்டுக்கே உதவுது" என்றார். டேங்கருக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தார்கள். வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர்களைக் காக்கி மாட்டி வேறொரு லாரியில் ஏற்றினார்கள்.

டேங்கர் திண்டிவனம் தாண்டவில்லை. அச்சு முறிந்து ஒரு பட்டறையில் நின்றது. முனுசாமி அங்கிருந்து போன் செய்தார்: "பெரிய பேஜாரா கீதும்மா. சாமான் மெட்ராஸ்லேர்ந்து வரணுங்கறான். நான் சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு இங்கியே குந்திகினு கீறேன்." சாரிடம் சொன்னேன். அவர் தந்தியைத் திருத்தச் சொல்லவில்லை. மேற்கு மலை அலுவலகத்து வரைபடத்தில் வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று பச்சை. எங்கள் வரைபடத்தில் நம் வண்டி என்று பச்சை. இரண்டு ஊரின் சுவரில் பச்சையாக இருந்த அந்த வண்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து வேப்ப மரத்தடியில் நின்றது.

அந்த வாரத்தில்தான் கடற்கரையிலிருந்து போன் வந்தது.

மகாபலிபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பம். குப்பத்துக்கும் ரோட்டுக்கும் நடுவே எங்கள் துறையின் சவுக்குத் தோப்பு. குப்பத்திலிருந்து ரோட்டுக்குப் போகிற வழி அந்தத் தோப்புக்குள்தான். வேறு வழி என்றால் மணலில் நடந்து வடக்கே இருக்கிற பயணியர் விடுதிக்குப் போய்ச் சேர வேண்டும். முற்பகல் நேரம். மேற்கிலிருந்து அனல் காற்று அடித்துக்கொண்டிருந்தது. விடுதிக் காவல்காரர் முதலில் பேசினார். பிறகு ரிசீவரை ஒரு பெண் வாங்கினாள். மீன் விற்கிற கன்னியம்மா.

"யம்மா, சவுக்குத் தோப்பு எரியுதும்மா! எங்க குப்பத்தாண்ட வந்துகினு கீது. ஆம்பளைங்க கடலுக்குப் போயிருக்கானுங்க. பொம்பளைங்களும் புள்ளைங்களும் கெழடு கட்டைங்களும்தான் கீறோம். வண்டி அனுப்பும்மா!"

நான் சாரிடம் சொன்னேன். அவர் வரைபடத்தைப் பார்த்தார்.

"சர்வே எண்?"

"அவங்களுக்குத் தெரியாது சார்."

"அப்போ மஞ்சள்கூட வைக்க முடியாதேம்மா. வாக்கியத்தைச் சொல்லிடுங்க."

நான் ரிசீவரின் வாய்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டேன். "எந்த வண்டி சார்? டேங்கர் திண்டிவனத்துல நிக்குது. ஆளுங்க மலைக்குப் போயிட்டாங்க."

"வண்டியப் பத்தி அவங்க கேக்கல. அவங்களுக்கு வேண்டியது தைரியம். சொல்லுங்கம்மா."

வாக்கியம் எனக்கு மனப்பாடம். வண்டி புறப்பட்டாயிற்று, சாலையில் நின்று வழிகாட்டுங்கள். சாலையில் நிற்க வேண்டுமென்றால் அந்தப் பெண்கள் எந்த வழியாக வர வேண்டும்? எனக்கு அந்த இடம் தெரியும். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. அங்கிருந்து மகாபலிபுரம் போகும்போது பஸ்ஸில் அந்தத் தோப்பைத் தாண்டித்தான் போவோம். ஏழுமலை துண்டைச் சுருட்டிப் பிடித்த கை கண்ணுக்குள் வந்தது. நான் ரிசீவரிலிருந்து கையை எடுத்தேன்.

"யம்மா, நல்லா கேட்டுக்குங்க. வண்டி வராது. எங்ககிட்ட வண்டி இல்ல. ஆளும் இல்ல. யாரும் வர மாட்டாங்க. ரோட்டுக்குப் போகாதீங்க."

அவள் கேட்டாள்:

"அப்ப இன்னாத்துக்குடி போன் வெச்சுகினு கீறீங்க?"

ரிசீவரைப் போட்டுவிட்டாள். என் வேலைக்காலம் முழுவதிலும் அதைவிட நியாயமான கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நான் உடனே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். அவர்கள் மதுராந்தகம் பக்கம் நெல் மில்லில் பிடித்த தீயோடு போராடிக்கொண்டிருந்தார்கள். "முடிச்சதும் கெளம்பிடுவோம். நேரமாகும்மா, பொய் சொல்லல" என்றார் அங்கே இருந்தவர். அந்த நேர்மை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று அவருக்குத் தெரியாது. வேதமூர்த்தி சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"பேப்பர் மாட்டுங்கம்மா. ஒரு மெமோ."

அலுவலகத்தில் வேறு டைப்பிஸ்ட் கிடையாது. எனக்கு வந்த மெமோவை நானே அடித்தேன். இன்ன தேதியில், இன்ன குப்பத்தின் அருகில் உள்ள துறையின் சவுக்குத் தோப்பில் தீ பரவிக்கொண்டிருந்தபோது, உதவி கேட்ட பொதுமக்களிடம் 'வண்டி வராது' என்று கூறிப் பீதியை உண்டாக்கியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது? சொல்லச் சொல்ல ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி, உட்கார்ந்தபடியே என் கையில் கொடுத்தார். அங்கே குப்பம் எரிந்துகொண்டிருந்தது.

என்ன நடந்தது என்பதைப் பிற்பாடு கன்னியம்மாவே சொன்னாள். அவள் மணல் வழியாகவே திரும்பி ஓடியிருக்கிறாள். குப்பத்தில் எல்லோரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டி பானை, டிரங்குப் பெட்டி. ஊர்ப் பெரியவர், "சர்க்காரு வண்டி வரும், எல்லாத்தையும் ரோட்டாண்ட கொண்டுபோவலாம்" என்று சொல்லி ஆட்களைத் தோப்புப் பாதைக்குக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

"வராதுன்னு கத்துனேன்மா. எவனும் நம்பல. 'உனக்கு எப்பிடிடி தெரியும்'ங்கறாரு. 'அந்த ஆபீஸ்காரியே சொல்லிட்டா, ஒரு நாயும் வராதாம்'னேன். சர்க்காருல யாராச்சும் வரமாட்டோம்னு வாயத் தொறந்து சொல்லுவாங்களா? அப்பிடி சொன்னா அது நெசமாத்தான் இருக்கும்னு அப்பறம்தான் அவருக்கே பட்டுது."

மூட்டைகளைப் போட்டுவிட்டு எல்லோரும் கடலுக்குள் இறங்கியிருக்கிறார்கள். கரையில் கிடந்த கட்டுமரங்களில் நடக்க முடியாதவர்களை ஏற்றிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் குழந்தைகளோடு நின்றிருக்கிறார்கள். புகை மூடியபோது நனைத்த புடவையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, அதற்கடியில் பிள்ளைகளை மூச்சு விடச் சொன்னார்கள். கன்னியம்மாவின் மாமனார் மட்டும் காயப் போட்ட வலையை எடுக்கிறேன் என்று கரையேறி ஓடினார். வலை கிடைக்கவில்லை. கைகள் இரண்டும் வெந்துபோயின. பிறகு அவர் ஊசி பிடித்து வலை கட்டவே இல்லை. கடலில் இருந்த ஆண்கள் புகையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஆட்களைப் படகுகளில் வாங்கிக்கொண்டார்கள். பிற்பகலில் கடல்காற்று எழுந்து, தீயை அது எரித்த இடத்துக்கே திருப்பித் தள்ளியது. மாலையில் தீயணைப்பு வண்டி வந்து மிச்சத்தை அணைத்தது. மேற்கு வரிசை வீடுகளும் வலைகளும் போய்விட்டன. தோப்புப் பாதையில் சவுக்கு மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. உயிர் ஒன்றும் போகவில்லை.

மறுநாள் காலை வேதமூர்த்தி சார் ஜீப்பில் புறப்பட்டார். குறிப்பெடுக்க என்னையும் ஏறச் சொன்னார். சாம்பலில் செருப்பு படாமல் ஓரமாக நின்று கோப்பைப் புரட்டியவர், சட்டென்று முகம் தெளிந்தார்.

"இந்தத் தோப்பு ஏலம் போயிடுச்சும்மா. போன வருஷமே வெட்டியாச்சுன்னு கணக்கு முடிச்சிருக்கு. கான்ட்ராக்டர் வெட்ட வராம இருந்திருக்கலாம், அது வேற விஷயம். இல்லாத தோப்பு எப்படி எரியும்?"

கன்னியம்மா பக்கத்தில்தான் நின்றாள். முகமெல்லாம் கரி. கருகிய மரத்தில் கையை வைத்துக் கேட்டாள்: "அப்ப இது இன்னா சாரு?"

"அது விறகும்மா" என்றார். "விறகு எரிஞ்சா காட்டுத் தீ ஆகாது."

அந்த வாரத் தந்தியையும் நான்தான் டைப் அடித்தேன். தீ இல்லை.

இதோடு போயிருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன். சில நாள் கழித்துக் கன்னியம்மாவும் ஊர்ப் பெரியவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். தாலுகா அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம்: குடிசையில் அடுப்பிலிருந்து பிடித்த தீ என்றால் ஒரு வேட்டி, ஒரு சேலை, கொஞ்சம் அரிசி. சர்க்கார் தோப்பிலிருந்து வந்த தீ என்றால் கீற்று, மூங்கில், வலைக்கு நூல் எல்லாம் உண்டு. ஆனால் தோப்பு எரிந்தது என்று தோப்புக்கு உரிய துறை எழுதித் தர வேண்டும். சார் அவர்களை உட்காரச் சொல்லி, அப்படி ஒரு தீயே எங்கள் கணக்கில் இல்லை என்று கனிவோடு சொன்னார்.

வராந்தாவில் அவர்களைப் பிடித்தேன். என் கைப்பையிலிருந்து மெமோவை எடுத்து வாசித்துக் காட்டினேன்.

"இதுல எங்க குப்பத்துப் பேரு கீதா?"

"கீது."

"தோப்பு எரிஞ்சுதுன்னு கீதா?"

"கீது. ஆனா இது என்னத் திட்டி எழுதினது."

"உன்னத் திட்டுனா இன்னா? எங்க பேரு கீதில்ல? அத்த குடு."

நகல் அடித்துக் கொடுத்தேன். தாசில்தார் அதைப் பார்த்துவிட்டு, இது வெறும் கேள்வி, விசாரணை முடிந்து இறுதி உத்தரவு வந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார். ஆனால் நகல் தாசில்தார் கைக்குப் போனது வேதமூர்த்தி சாருக்குத் தெரிந்துவிட்டது. அன்றுதான் அவர் சட்டை கசங்கி நான் பார்த்தேன். அவரே எழுந்து என் மேஜைக்கு வந்தார்.

"அந்த மெமோவைத் திருப்பிக் கொடுத்துடுங்கம்மா. கோபத்துல எழுதினது. கிழிச்சுப் போட்டுடலாம். உங்க மேல ஒரு நடவடிக்கையும் இருக்காது."

"தீ நடக்கலன்னா நான் யார்கிட்ட என்ன சொன்னேன் சார்?"

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். தீயே இல்ல. நீங்க ஒண்ணுமே சொல்லல. சுத்தமா வெளிய வந்துடலாம்."

யோசித்துப் பாருங்கள். என்னைக் குற்றவாளி ஆக்கினால்தான் அந்தத் தீ நடந்தது என்று ஆகும். நான் தப்பித்தால் தோப்பும் எரியவில்லை, வீடும் எரியவில்லை, கிழவருடைய கையும் வேகவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். எங்கள் பெண் குழந்தைக்கு அப்போதுதான் பல் முளைத்திருந்தது. அவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"குடுத்துட்டா முடிஞ்சுடும் இல்ல?"

"முடிஞ்சுடும். அதான் குடுக்கல."

அவர் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டார். பிறகு, "எங்க தூக்கிப் போடுவாங்க?" என்று மட்டும் கேட்டார். சண்டை போடுவார் என்று நினைத்துத் தயாராக இருந்த எனக்கு, அப்போதுதான் அழுகை வந்தது.

மெமோவுக்குப் பதிலை அடித்தேன். அந்த நாளில், அந்தக் குப்பத்தருகில், துறையின் சவுக்குத் தோப்பு எரிந்துகொண்டிருந்தபோது, வண்டி வராது என்று பொதுமக்களிடம் சொன்னது உண்மை. குற்றச்சாட்டை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். தகுந்த தண்டனை வழங்கக் கோருகிறேன். சென்னைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன்.

சென்னையில் விசாரித்த பெரிய அதிகாரிக்கு என்னைப் பார்த்தால் எரிச்சல். ஒப்புக்கொள்கிறவளிடம் விசாரிப்பதற்கு ஒன்றும் இருக்காது. "வருத்தம் தெரிவிச்சா எச்சரிக்கையோட விட்டுடலாம்மா. வாயாலேயே சொல்லிடலாம், எழுத்துல வேண்டாம்" என்றார். எனக்கு வருத்தம் இல்லை என்றும் எழுத்தில்தான் வேண்டும் என்றும் சொன்னேன். என்ன திமிர் என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. திமிர்தான். ஆனால் வேலை செய்தது. வேதமூர்த்தி சாரின் வரைபடத்தை அவர்கள் யாரும் கேட்கவில்லை. திமிர் பிடித்த டைப்பிஸ்ட்டை அடக்குகிற அவசரத்தில், தீ இல்லை என்ற தந்தியை மறந்துவிட்டார்கள்.

உத்தரவு வந்தது. சேலத்துக்கு அப்பால் ஒரு மரக் கிடங்குக்கு மாற்றல். சம்பள உயர்வும் நிறுத்தம். இன்ன தேதியில், இன்ன குப்பத்தின் அருகே, துறைக்குச் சொந்தமான சவுக்குத் தோப்பில் ஏற்பட்ட பெருந்தீயின்போது என்று தொடங்கியது. பெருந்தீ! அந்தச் சொல் வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. என் குற்றம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தீயையும் அவர்களே பெரிதாக்கியிருந்தார்கள். அதன் நகலைக் கன்னியம்மா தாசில்தாரிடம் கொண்டுபோனாள். வேதமூர்த்தி சாருக்கு அதே மாதம் பதவி உயர்வு. மாநிலம் முழுவதற்குமான வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளச் சென்னைக்குப் போனார். நான் கைக்குழந்தையோடு சேலத்துக்குப் போனேன். என் கணவர் வாரக் கடைசியில் வந்து போனார். இரண்டாவது பிரசவத்துக்குத்தான் நான் செங்கல்பட்டுக்குத் திரும்ப முடிந்தது.

நான் கிளம்பின அன்று செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குக் கன்னியம்மா வந்திருந்தாள். கூடை காலி, மீனெல்லாம் விற்றுவிட்டு வந்திருந்தாள். முந்தின நாள்தான் குப்பத்தில் கீற்றும் மூங்கிலும் லாரியில் வந்து இறங்கியிருந்தன. வலை நூல் பாதிதான் தந்தார்களாம். மீதிக்கு நடையாக நடக்க வேண்டும் என்றாள். என் பெட்டியையும் இடுப்பில் இருந்த குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எவ்ளோ தூரம்மா அந்த ஊரு?"

"பஸ்ஸுல பொழுதுக்கும் போகணும்."

"அவ்ளோ தூரமா தூக்கி அடிச்சுட்டானுங்க?"

"ஆமா."

அவள் குழந்தையின் கன்னத்தைத் தொட்டுவிட்டு, யோசித்துச் சொன்னாள்:

"அதுவும் நல்லதாத்தான் போச்சு. கம்மியா தண்டிச்சிருந்தா, அந்தத் தாசில்தாரு நம்பியிருக்க மாட்டான்."